குளிர்கால ஏரியில் இறங்கிய என் மகனுக்கு

ஜோயல்,

நலமா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் என்னிடம் அதைத்தான் சொன்னாய். நான் கோபமாக இருக்கிறேன். நீ தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. "அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்று அப்பாவிடம் கேட்கிறாயாம். அவரும் "கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்று சொல்லி வைக்கிறாராம். குறையவில்லை. போனில் பேசினால் நீ இடையில் புகுந்து சமாதானம் சொல்வாய், நானும் உன் குரலைக் கேட்டதும் இளகிவிடுவேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி. கடைசியில் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஞாயிறு ஆராதனை. பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம். உன் ஞாயிறு பள்ளி டீச்சர் ரூபி ஆன்டி எழுந்து மைக்கை வாங்கினார். அவர் மைக்கை வாங்கினால் சீக்கிரம் திருப்பித் தர மாட்டார் என்பது உனக்கே தெரியும். நான், என் ஸ்கூல் வேனுக்கு பிரேக் மாற்ற வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய் விட்டால் திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றுவதற்குள் ஒர்க்‌ஷாப்காரன் தருவானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மருமகளின் பிரசவத்துக்கு நன்றி சொன்னார். மகனுக்கு வேலை நிரந்தரமானதற்கு நன்றி சொன்னார். பிறகு, "நம்ம சபைப் புள்ள ஜோயல், ஜப்பான்ல ஐஸ் தண்ணியில மூழ்கி, மூச்சு நின்னுபோற நெலமைக்குப் போயி, இன்னிக்கு நல்லபடியா வேலைக்கே திரும்பிட்டாரு. நாம எல்லாரும் கண்ணீரோட ஜெபிச்சோம், ஆண்டவர் கேட்டாரு" என்றார். சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் ஆமென் என்றேன். பழக்கம். வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதில் ஏறியது.

வேறு யாரோ ஒரு ஜோயலாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். நம் சபையில் ஜப்பானில் இருப்பது யார் என்று மனது தேடியது. அதற்குள் முன் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போதகர் தலையைக் குனிந்து வேதப் புத்தகத்தில் எதையோ தேடினார். ரூபி ஆன்டிக்கு நான் அங்கே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் உன் அப்பா. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை பேருக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் குழுவில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தரும் பையனுக்குத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. அந்த இடத்தில் நான் பட்ட அவமானத்தை நீ என்றைக்கும் படக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், இவ்வளவு கோபத்திலும்.

வெளியே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் கேட்டேன். "எப்பத்துலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்" என்றார் அப்பா.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தம்பிதான் சொல்ல வேணாம்னான். ஒனக்கு ப்ரெஷர் இருக்கு லா. படபடன்னு ஆயிடும். நான் பாஸ்டர்கிட்ட மட்டும்தான் சொன்னேன், ஜெபம் பண்ண. அவர் ஜெபக் குரூப்புல போட்டுட்டாரு. போடும்போதே 'தாயாருக்குத் தெரியக் கூடாது'ன்னு எழுதித்தான் போட்டாரு."

யோசித்துப் பார், ஜோயல். எனக்குத் தெரியக் கூடாது என்று ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வாரக் கணக்கில் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்து, கைகொடுத்து, "ஜோயல் எப்படி இருக்காரு சிஸ்டர்?" என்று வேறு கேட்டிருக்கிறார்கள். நானும் "நல்லா இருக்கான், சளிதான் கொஞ்சம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அப்பாவை அன்றைக்கு முன்சீட்டில் ஏற்றவில்லை. வேனின் கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் முழங்கால் இடிக்க உட்காரவைத்து, பண்டமாரானில் நம் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் மிச்சத்தைப் பிடுங்கினேன். ஏரிக்கரையில் தனியாக பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருந்தாயாம். தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டியிருந்த லூர் தண்ணீருக்கடியில் கிடந்த மரக்கிளையில் மாட்டிக்கொண்டதாம். இழுத்துப் பார்த்தாயாம், வரவில்லையாம். ஜாக்கெட்டைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, ஜீன்ஸோடு இறங்கினாயாம். நெஞ்சளவுதான் இருக்கும் என்று நினைத்தாயாம். கரையில் பனி கிடக்கிறது, ஜோயல். நீ எனக்கு அனுப்பிய படத்திலேயே கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் இறங்கியதும் உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டதாம், இழுத்த மூச்சோடு தண்ணீரும் உள்ளே போனதாம். கை விறைத்துப்போய் கிளையைப் பிடிக்கக்கூட முடியவில்லையாம். பக்கத்தில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்து உன்னை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் ரூபி ஆன்டி வேறு மாதிரிதான் மைக்கைப் பிடித்திருப்பார்.

ஒரு லூருக்காக. மீன் மாதிரி செய்து பெயிண்ட் அடித்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக. "அது அம்மா என் பொறந்த நாளுக்கு அனுப்புனது" என்று அப்பாவிடம் சொன்னாயாமே. அந்தப் பழியை என் தலையில் வைக்காதே. கிள்ளான் கடையில் அதே மாதிரி வரிசையாகத் தொங்குகிறது. போனால் இன்னொன்று வாங்கி அனுப்பியிருப்பேன். அம்மா கொடுத்தது என்று அதைத் தேடி இறங்கத் தெரிகிறது, அம்மாவுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

நீ ஏன் இறங்கினாய் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் அது புரியாது. அந்த ஊரில் பிறந்த ஒருவன் கத்தரியை எடுத்து நூலை வெட்டிவிட்டுப் போயிருப்பான். நம் ஆட்கள்தான் இறங்குவோம். சுங்கை பூலோ பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் நாம் அப்படித்தானே பழகினோம். லூர் மாட்டினால் முதலில் தூண்டிலை ஆட்டிப் பார்ப்பது, பிறகு கரையைச் சுற்றி மறுபக்கம் போய் இழுத்துப் பார்ப்பது, அதற்கும் வராவிட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குவது. அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்து குளிக்க விளாவி வைத்த மாதிரி இருக்கும். குட்டையில் இறங்காத ஆளை நாம் கேலி செய்வோம். உடம்புக்குப் பழகிப்போன ஒன்றை நீ தூக்கிக்கொண்டு ஜப்பானுக்குப் போயிருக்கிறாய். அதுவரை எனக்குப் புரிகிறது. அதுவரை உன்னைத் திட்ட மாட்டேன்.

ஆனால் நம் வீட்டில் இறங்குவதற்கு ஒரு முறை இருந்தது. ஞாபகம் இருக்கிறதா, இல்லை அதையும் விமானத்தில் விட்டுவிட்டுப் போனாயா? அந்தக் குட்டைகள் கரையிலிருந்து நாலு எட்டில் திடீரென்று ஆழமாகும். போன ஆட்கள் வராமல் போனதை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் கரையில் ஒருவர் தூண்டிலைப் பிடித்து நூலை விறைப்பாக வைத்திருந்தால்தான் மற்றவர் இறங்கலாம். இறங்குபவர் அந்த நூலிலேயே கையை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதைவிட முக்கியம், போகிறவர் வாய் மூடக்கூடாது. எதையாவது பேசிக்கொண்டே போக வேண்டும். அப்பா துறைமுகத்தில் தன்னோடு வேலை பார்த்த சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே போவார். நீ ஸ்கூலில் படித்த மலாய்ப் பாட்டைக் கத்திக்கொண்டு போவாய். பேச்சு நின்றால் கரையில் இருப்பவர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் பதில் வராவிட்டால் ஊரைக் கூட்ட வேண்டும். நான் எத்தனை சனிக்கிழமை அந்தத் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மீன் பிடித்த நேரத்தைவிட உங்கள் இருவர் குரலையும் கேட்டுக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம்.

அன்றைக்கு யார் நூலைப் பிடித்தது? தூண்டிலைக் கல்லில் சாத்திவிட்டு இறங்கினாயாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உன் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. உனக்கு இத்தனை வயதாகிவிட்டது, பரவாயில்லை, அறையத்தான் தோன்றியது.

இன்னொன்று சொல்கிறேன், இது மற்றவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். போன வருஷம் நீ அங்கே முதல் முறை குளிர்காலத்தில் பாஸ் பிடிக்கப் போனபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் கரையிலிருந்தே எனக்கு வீடியோ கால் போடுவாய். மூக்கு சிவந்து, பேசினால் வாயிலிருந்து புகை வரும். "குளிர்ல இந்த மீன் தொரத்தாது மா. நம்ம ஊர் பீக்காக் பாஸ் மாதிரி பாய்ஞ்சு அடிக்காது. ஆழத்துல ஒரே எடத்துல நிக்கும். மூக்குக்கு நேரா கொண்டுபோய் வச்சுட்டு, சும்மா இருக்கணும்" என்பாய். "அது என்னடா மீன், அரசாங்க ஆபீஸ் கவுண்டர் மாதிரி" என்பேன் நான். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கடித்தால்கூட வெடுக்கென்று இழுக்காது, நூலில் ஈரத் துணி ஒட்டின மாதிரி ஒரு கனம்தான் தெரியும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு மாதம் ஆனது என்றாய். எனக்கு ஆசை தாங்கவில்லை. நம் குட்டைக்குப் போய் அதே மாதிரி அடியில் போட்டு, மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பையும் யாரோ போட்ட செருப்பும் வந்தன. அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். உன் வயதுப் பிள்ளைகள் தாயிடம் பேச விஷயம் இல்லாமல் "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு போனை வைக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர்ந்த மீன் இருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது.

இந்தக் குளிர்காலத்தில் அந்த ஒரு சனிக்கிழமை கால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வெறும் குரலில் பேசினாய், வீடியோ இல்லை. தொண்டை கட்டியிருந்தது. "சளி பிடிச்சிருக்கு மா" என்றாய். நான் என்ன சொன்னேன்? மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி ரசம் வை, பூண்டைத் தோலோடு போடு, சூடாகக் குடி, நெஞ்சுச் சளி கரைந்துவிடும் என்று விலாவாரியாகச் சொன்னேன். நுரையீரலில் ஏரித் தண்ணீர் போய் நிமோனியாவோடு கிடந்தவனுக்கு, ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு எழ முடியாதவனுக்கு, ரசம் வைக்கச் சொன்னேன். நீயும் "சரி மா, வைக்கிறேன்" என்றாய். மறுநாள் "வச்சியா?" என்று கேட்டேன். "வச்சேன் மா, நல்லா இருந்துச்சு" என்றாய். ஜோயல், இதை நான் எப்படி மறப்பது? நீ சாவின் விளிம்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறாய், நான் பூண்டைத் தோலோடு போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு கோமாளி ஆக்கிவிட்டாய்.

அன்பினால்தான் மறைத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போதகர் வீட்டுக்கே வந்து சொன்னார். "பாரத்த ஒங்க மேல போட வேணாம்னு நெனச்சாங்க சிஸ்டர்" என்றார். "நான் அவன பத்து மாசம் சொமந்தவ பாஸ்டர். எது பாரம்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணாமலே போய்விட்டார். எனக்கு இந்த அன்பு புதிது இல்லை. நம் ஆட்களிடம் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. செத்தவரைச் செத்தார் என்று போனில் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ" என்பார்கள். உன்னிடம் இதை நான் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. என் அப்பா இறந்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். மாசமாக இருப்பவளிடம் சொல்லக்கூடாது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். "அப்பாவுக்கு லேசா காய்ச்சல், ஒன்னப் பாக்கணுங்கிறாரு" என்று போன் வந்தது.

காய்ச்சல்காரர் சாப்பிடட்டும் என்று நான் கிள்ளானில் இடியப்பம் வாங்கினேன். அவருக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டால்தான் பிடிக்கும் என்று பாலைத் தனியாகக் கட்டச் சொன்னேன். பஸ்ஸில் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பாவைப் பார்க்கப் போகிறேன், வயிற்றைக் காட்டி பையனா பெண்ணா என்று பந்தயம் கட்டலாம் என்று. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் இறங்கியதும் கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. அக்கம்பக்கத்தார் எல்லோரும் நான் இடியப்பப் பொட்டலத்தோடு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழி விட்டு ஒதுங்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் முன்னால் வந்து பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் அப்பாவுக்காக நான் அந்தப் பஸ்ஸில் அழுதிருக்க வேண்டும். அந்த நேரத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இருந்த உனக்கு எதுவும் ஆகவில்லை. நாலு கிலோவில் பிறந்தாய். அண்ணனோடு நான் பல வருஷம் சரியாகப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. நல்லதுதானே செய்தோம் என்றே நினைத்தான்.

அதே நாற்காலியில்தான் நீ என்னை இப்போது உட்காரவைத்திருக்கிறாய். அன்பு என்று சொல்லாதே. நீ என் ப்ரெஷருக்குப் பயப்படவில்லை. என் வாய்க்குப் பயந்தாய். "தனியா ஏன்டா எறங்குன?" என்று கேட்பேன், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்ட செய்தியை மறைப்பவர்கள் பெரும்பாலும் தங்களைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவர் அழுவதைப் பார்க்க வேண்டாம், திட்டுவதைக் கேட்க வேண்டாம், அவ்வளவுதான். நாளைக்கு உனக்கு ஒரு மனைவி வருவாள். வேலை போனாலும் உடம்புக்கு வந்தாலும் அவளிடம் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்பாயா? அப்படியானால் அந்தப் பெண்ணிடம் நானே முன்கூட்டிச் சொல்லிவைப்பேன். எதையும் முதலில் அவளிடம் சொல். அழுதால் அழட்டும். திட்டினால் வாங்கிக்கொள். பக்கத்தில் இருப்பவர் பலவீனம் என்று நீயாக முடிவு செய்து, அவரை வெளியே நிறுத்திவைக்காதே.

ஊருக்கே தெரிந்த கதை என்பதால் இந்தக் கடிதத்தைச் சபை மாத இதழில் போடப்போகிறேன். ரூபி ஆன்டியும் படிக்கட்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒருவர்தான் உண்மையை என் காது கேட்கச் சொன்னவர். ஆனால் நீ படித்து, என்னைக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் இது போதகர் கைக்குப் போகும். ஏன் என்று அடுத்த பத்தியில் உனக்கே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் கைவழியாகக் குழாய்விட்டு இதயத்தைப் படம் எடுத்தார்கள். வேனில் பிள்ளைகளின் பைகளைத் தூக்கி வைக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று நானேதான் போய்க் காட்டினேன். இதயத்துக்குப் போகும் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கிற அளவில் இல்லையாம், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டுமாம். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, காரிடாரில் நாற்காலியில் உட்கார்ந்ததும் உன் அப்பா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பிகிட்ட இப்ப சொல்ல வேணாம். அவனே இப்பத்தான் தேறி வந்திருக்கான். ஆபரேஷன் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்." அந்தக் காரிடாரில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். உன் அப்பா நல்ல மனிதர். திருந்தவே மாட்டார்.

பார்த்தாயா, இதயம் கெட்டுப்போய்த்தான் இருக்கிறது, மறைத்தது சரிதான் என்று உனக்குத் தோன்றும். தோன்றினால் அந்த எண்ணத்தை அங்கேயே அழித்துவிடு. இதே அடைப்போடுதான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால், எந்தத் தயாரிப்பும் இல்லாமல், மைக்கில் கேட்டேன். சாகவில்லை. வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு வைத்து, உன் அப்பாவுக்கும் போட்டேன். நீயே போன் செய்து மெதுவாகச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?

நீ ஓடி வர வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் இரு, அதை நீ முடிவு செய். தெரிந்துகொண்டு முடிவு செய். எனக்கு அதுதான் வேண்டும்.

டாக்டர் சின்ன வயதுப் பையன், நம் ஆள்தான், பொறுமையாக விளக்கினார். ஆபரேஷன் செய்யும்போது இதயம் துடிக்கக்கூடாதாம். அதனால் ஜில்லென்று ஒரு மருந்தை உள்ளே விட்டு, அதைக் குளிரவைத்து நிறுத்திவிடுவார்களாம். வேலை முடிந்ததும் சூடாக்கித் திரும்ப ஓடவிடுவார்களாம். "நீங்க தூங்கிட்டிருப்பீங்க ஆன்டி, ஒன்னுமே தெரியாது" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்து எழுதுவதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஜோயல். அந்தத் தண்ணீருக்குள் இருந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். சாயந்திரம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு ஐந்து மணிக்கு வேனில் தனியாக இருப்பேன். அப்போது கூப்பிடு. திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அந்தக் குளிர் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல். எதையும் விடாமல் சொல்.

அம்மா